வெள்ளையாக விட்ட கட்டம்

நான்காம் வகுப்புக்கு நான் வைத்த அந்தத் தேர்வில் ஒரு கேள்வி இப்படி இருந்தது: ஒருவர் ஞாயிறு தவிர மற்ற எல்லா நாளும் வேலைக்குப் போகிறார், வாரத்தில் எத்தனை நாள் வேலை செய்கிறார்? ஆறு என்று எழுத வேண்டும். யோசிக்கவே தேவையில்லாத கேள்வி, எல்லோருக்கும் இரண்டு மதிப்பெண் கிடைக்கட்டும் என்றுதான் சேர்த்திருந்தேன். ஐந்து பிள்ளைகள் ஒன்பது என்று எழுதியிருந்தார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருப்பார்கள் என்று நினைத்தேன். ஆனால் ஐந்து பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்காருகிறவர்கள்.

அதில் ஒரு பெண்ணை எழுப்பிக் கேட்டேன். தெற்கே தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பம். அப்பா நிட்டிங்கில், அம்மா செக்கிங்கில். அவள் தயக்கமில்லாமல் சொன்னாள்.

"எங்கம்மைக்கு ஒம்பது சார். தெனம் ஒண்ணர. ஆறு நாளைக்கு ஒம்பது."

வகுப்பில் பாதிப் பேர் அதைச் சரி என்று தலையாட்டினார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. திருப்பூரில் நாளை யாரும் சூரியனை வைத்து எண்ணுவதில்லை. காலை எட்டரைக்குப் போய் மாலை ஐந்தரைக்குத் திரும்பினால் ஒரு ஷிப்ட். இரவு எட்டரை வரை நின்றால் ஒன்றரை. கம்பெனியில் எல்லாமே ஷிப்ட் கணக்குதான். அந்தப் பிள்ளைகளின் வீட்டில் வாரத்துக்கு ஒன்பது நாள் என்பது உண்மையிலேயே ஒன்பது நாள். பெருக்கலும் பிழையில்லாமல் செய்திருந்தாள். ஒன்றரையை ஆறால் பெருக்குவது நான்காம் வகுப்புப் பாடத்திலேயே இல்லை.

நான் வெள்ளகோவிலிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவன். ஏழு மணி வண்டியைத் தவறவிட்டதே கிடையாது. ஒன்பது மணிக்கெல்லாம் பள்ளியில் இருப்பேன். இந்தப் பெருமையை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன், பிள்ளைகளிடம் கொஞ்சம் அதிகமாக. ஊருக்கு வெளியே, சாயப்பட்டறைகளுக்கும் சோளக்காட்டுக்கும் நடுவே இருந்த ஊராட்சி ஒன்றியப் பள்ளி அது. வகுப்பில் முப்பத்து நான்கு பேர். பாதி அந்த ஊரிலேயே தலைமுறை தலைமுறையாக இருக்கிற குடும்பங்கள், பாதி ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் குடியிருக்கிற வெளியூர்க் குடும்பங்கள். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் லைன் வீடுகள் மாதத்துக்கு ஒரு வரிசை என்று முளைத்துக்கொண்டிருந்தன.

அந்த ஒன்பதை வைத்து ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. கணக்கை வாழ்க்கையோடு சேர்த்து நடத்துங்கள் என்று பயிற்சி வகுப்புகளில் அப்போது சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். நியாயம், சமத்துவம் என்றெல்லாம் சமூக அறிவியல் புத்தகத்தில் ஒரு பாடம் இருந்தது. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டு மறந்துவிடுவார்கள். அதைக் கணக்கில் கொண்டுவந்தால் மறக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். யாரும் சொல்லிக்கொடுக்காமல் எனக்கே வந்த யோசனை என்பதால் அதன்மேல் ஒரு தனிப் பாசம்.

பனியனை மடிக்கும்போது உள்ளே வைக்கிற வெள்ளை அட்டை இருக்கிறதே, அதில் கழிவு அட்டைகள் எல்லா வீட்டிலும் கிடக்கும். அதை நீளமாக வெட்டி எடுத்துவரச் சொன்னேன். ஒரு அட்டையில் இருபத்து நான்கு கட்டம். ஒரு கட்டம் ஒரு மணி நேரம். தூக்கத்துக்கு நீலம், பள்ளிக்கு மஞ்சள், வேலைக்குச் சிவப்பு, விளையாட்டுக்குப் பச்சை. டிவி பார்ப்பதும் பச்சையில் சேரும். சாப்பாட்டையும் குளியலையும் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி எதில் போகிறதோ அந்த நிறம். முதல் கட்டம் எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும் என்று கேட்டபோது, விடிகாலை ஆறு என்பார்கள் என்று எதிர்பார்த்தேன். எட்டரை என்று ஒரே குரலில் சொன்னார்கள். கம்பெனிச் சங்கு ஊதுகிற நேரம். சரி, அப்படியே இருக்கட்டும் என்றேன்.

முதலில் அம்மாவின் நாள். மறுநாள் காலையில் முப்பத்து நான்கு அட்டைகள் வந்தன. பார்த்தவுடன் தெரிந்தது, முக்கால்வாசி சிவப்பு. கம்பெனிக்குப் போகிற அம்மாவுக்கும் தோட்ட வேலைக்குப் போகிற அம்மாவுக்கும் அதில் பெரிய வித்தியாசம் இல்லை. எத்தனை அட்டையில் பச்சை இருக்கிறது என்று எண்ணச் சொன்னேன். நான்கு. முப்பத்து நான்கில் நான்கு என்பதைப் பின்னமாக எழுதச் சொன்னேன், இரண்டால் சுருக்கச் சொன்னேன். பிறகு, இது நியாயமா என்று கேட்டேன். ஒரு பையன் எழுந்து, தன் அம்மாவுக்குப் பச்சை போடத்தான் பார்த்ததாகவும் எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியவில்லை என்றும் சொன்னான். அன்று மாலை பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம்கூடத் தேவைப்படவில்லை. அவ்வளவு திருப்தி. என் டிபன் பாக்ஸ் எந்தக் கட்டத்தில், யார் கையால் நிரம்பியது என்று பிள்ளைகள் கேட்கவில்லை. நானும் என் வீட்டு அட்டையை வரையவில்லை.

அடுத்த வாரம் அவரவர் நாளை வரையச் சொன்னேன். இதில் பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. சின்னப் பிள்ளைகள், மஞ்சளும் பச்சையும் நீலமுமாக இருக்கும், அம்மா அட்டைக்குப் பக்கத்தில் மாட்டினால் பார்க்க அழகாக இருக்கும் என்று நினைத்தேன்.

வரையும்போதே ஒரு சந்தேகம் கிளம்பியது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது எந்த நிறம்? பையன்கள் பச்சை என்றார்கள். குழந்தையோடு விளையாடுவதுதானே என்றார்கள். ஒன்பது நாள் கணக்குச் சொன்ன அந்தப் பெண் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

"அவன் விளையாடுவான் சார். நான் பாத்துக்கிடுவேன்."

கைதூக்கச் சொல்லி ஓட்டெடுத்தோம். சிவப்பு என்று முடிவானது.

அட்டைகளை வாங்கித் திருத்தினேன். ஒவ்வொன்றிலும் நிறங்களை எண்ணிக் கூட்டி இருபத்து நான்கு வருகிறதா என்று பார்ப்பதுதான் திருத்தம். அந்தப் பெண்ணின் அட்டையில் எட்டு நீலம், ஒன்பது சிவப்பு, ஐந்து மஞ்சள், ஒரே ஒரு பச்சை. கூட்டினால் இருபத்து மூன்று. இரண்டாவது கட்டத்தை நிறம் தீட்டாமல் வெள்ளையாக விட்டிருந்தாள். நான் சிவப்பு மையால் ‘பூர்த்தி செய்யவில்லை’ என்று எழுதினேன். அவள் அப்படித்தான், எதையும் அரைகுறையாக விடுகிறவள் என்று ஓர் எண்ணம் எனக்கு ஏற்கெனவே இருந்தது. இன்னும் சில அட்டைகளிலும் அதையே எழுத வேண்டியிருந்தது. எத்தனை என்று அப்போது எண்ணவில்லை.

மறுநாள் எல்லா அட்டைகளையும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினோம். கட்டங்கள் ஒரே வரிசையில் வருகிற மாதிரி. பிறகு வழக்கம்போல, என்ன தெரிகிறது என்று கேட்டேன். பெண்பிள்ளைகள் அட்டையில் சிவப்பு அதிகம் என்று சொல்வார்கள், அங்கிருந்து பாடத்தை எடுத்துப் போகலாம் என்பது என் திட்டம். உள்ளூர்ப் பையன் ஒருவன், சொந்தமாகத் தோட்டம் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை, முன்னால் வந்து சுவரில் விரலை வைத்தான்.

"ஏனுங்க சார், இந்த ரெண்டாவது கட்டம் மட்டும் எதுக்குங்க வெள்ளையா இருக்குது?"

ஏழு அட்டைகளில் அந்த ஒரே கட்டம் வெள்ளை. நிறம் தீட்ட மறந்துவிட்டார்கள் என்றேன். ஏழு பேரும் ஒரே கட்டத்தையா மறப்பார்கள் என்று அவன் கேட்கவில்லை. அவன் எண்ணுகிற பழக்கமுள்ளவன், பெயர்களைத்தான் படித்தான். ஏழும் பெண்பிள்ளைகள். பெண்கள் பதினாறு பேரில் ஏழு, பையன்கள் பதினெட்டுப் பேரில் பூஜ்யம் என்று, நான் பழக்கிவிட்ட மாதிரியே சொன்னான். இரண்டாவது கட்டம் ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை. அந்த நேரத்தில் இந்த ஏழு பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று வகுப்புக்கே தெரியும்.

என் வகுப்பில் ஒரு விதி இருந்தது. ஒன்பதரைக்கு மணி அடித்த பிறகு வருகிறவர்கள் முதல் பாடவேளை முடியும்வரை வராந்தாவில் நிற்க வேண்டும். கம்பெனியில் ஐந்து நிமிடம் பிந்தினால் உள்ளே விடுவார்களா என்று நான் அடிக்கடி கேட்பேன். முதல் பாடவேளை கணக்கு. காலையில் மூளை தெளிவாக இருக்கும் என்று தலைமையாசிரியையிடம் நானே கேட்டு வாங்கியது. அந்த ஏழு வீடுகளிலும் அம்மாக்கள் எட்டரைக்குக் கம்பெனிக்குள் போய்விடுவார்கள். பால்வாடி ஆயா கதவைத் திறக்க ஒன்பதரை ஆகும். கைக்குழந்தையை அங்கே விட்டுவிட்டு இந்தப் பிள்ளைகள் ஓடிவந்தால் பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும். வந்து நிற்பார்கள். ஏன் தாமதம் என்று தினமும் கேட்பேன். தம்பி சார் என்பார்கள். தினமும் ஒரே சாக்கு என்பேன்.

அந்தப் பெண்ணைக் கேட்டேன், ஏன் நிறம் தீட்டவில்லை என்று. பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள், ஆனால் பாடத்தில் இல்லை, அதனால் மஞ்சள் இல்லை. வேலையும் இல்லை, விளையாட்டும் இல்லை. சும்மா நிற்பதற்கு நான் நிறம் சொல்லவில்லை என்றாள். குற்றம் சொல்கிற தொனி துளிகூட இல்லை. நிறம் சொன்னால் இப்போதே தீட்டிவிடுவேன் என்கிற மாதிரி நின்றாள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்தப் பையன் இன்னும் சுவரோரமே நின்றிருந்தான்.

"கணக்கு நடத்தறப்பத்தானுங்க சார் இவங்க வெளிய நிக்கறாங்க. அதனாலதானுங்க இவங்களுக்குக் கணக்கு வர்றதில்ல."

போய் உட்கார் என்று அதட்டினேன். சத்தம் தேவைக்கு மேல் பெரிதாகவே வந்தது. அடுத்த வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்தார். எனக்கு நல்ல கோபம். அம்மாக்களுக்கும் கம்பெனிகளுக்கும் போட்டுப் பார்க்க நான் கொடுத்த கணக்கை எடுத்து என்மேலேயே போட்டுப் பார்க்கிறார்கள் என்று இருந்தது. மதிய இடைவேளையில் மேஜை இழுப்பறையைத் திறந்து, ‘கணக்கில் பின்தங்கியோர்’ என்று நான் எழுதி வைத்திருந்த பட்டியலை எடுத்தேன். ஒன்பது பேர். சுவரில் இருந்த ஏழு பேரும் அதில் இருந்தார்கள். தினமும் அவர்களை வராந்தாவில் நிறுத்தியவன் நான், பட்டியல் எழுதியவனும் நான். இரண்டையும் ஒரு தடவைகூடப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் மறுநாள் காலையிலும் அவர்கள் ஏழு பேரும் வராந்தாவில்தான் நின்றார்கள். அதற்கு மறுநாளும். விதியை உடனே மாற்றினால் பிள்ளைகள் சொல்லி மாற்றியதாக ஆகிவிடும் என்பதுதான் காரணம். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஒரு வாரம் போன பிறகு தலைமையாசிரியையிடம் போய்க் கணக்கை மூன்றாவது பாடவேளைக்கு மாற்றித் தரக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். காலையில்தான் மூளை தெளிவாக இருக்கும் என்று சண்டை பிடித்து வாங்கியது நீங்கள்தானே என்றார். ஆமாங்க என்றேன். வேறெதுவும் கேட்காமல் நேரப்பட்டியலைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். முதல் பாடவேளைக்குத் தமிழ் வாசிப்பு வந்தது. தாமதமாக வருகிறவர்கள் நேரே உள்ளே வந்து உட்காரலாம் என்று வகுப்பில் அறிவித்தேன். பிள்ளைகள் கை தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. யாரும் தட்டவில்லை. அந்தப் பெண் மட்டும் எழுந்தாள்.

"அப்போ நாங்க வெளிய நின்னப்ப நடத்துனத எப்ப சார் நடத்துவிய?"

ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து அதுவரை. வகுத்தல் முழுவதும், பின்னத்தில் பாதி. நான் அதை யோசித்திருக்கவே இல்லை. இனிமேல் தவறு நடக்காது என்பதோடு என் பொறுப்பு முடிந்துவிட்டதாக நினைத்திருந்தேன். வகுப்பு நேரத்திலேயே எல்லோருக்குமாக மறுபடி நடத்தியிருக்கலாம். இன்று அது தோன்றுகிறது. அன்று பாடத்தை முடிக்கிற அவசரம் ஒன்றுதான் மண்டையில் இருந்தது. பள்ளி விட்ட பிறகு மாலையில் அரை மணி நேரம் நடத்துகிறேன், பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்க்கொள்கிறேன் என்றேன். அது என் பெருந்தன்மை என்று எனக்கே ஒரு நினைப்பு.

மாலையில் முடியாது சார் என்றார்கள் ஏழு பேரும். மணி அடித்ததும் பால்வாடிக்குப் போய்க் குழந்தையை வாங்க வேண்டும். ஆயா அதற்கு மேல் ஒரு நிமிடம் இருக்க மாட்டார். பிறகு குழாயடியில் குடத்தை வரிசையில் வைக்க வேண்டும். அம்மா வர எட்டரை தாண்டும். நான் சுவருக்குப் போய் அந்த ஏழு அட்டைகளையும் கழற்றி மேஜையில் வரிசையாக வைத்தேன். எந்தக் கட்டத்திலிருந்து எடுப்பது என்று தேடினேன். எட்டாவதுக்குப் பிறகு எல்லாம் சிவப்பு, அதற்கப்புறம் நீலம், மறுபடி சிவப்பு. ஐந்தாவது கட்டத்தில் மட்டும் ஏழு அட்டையிலும் பச்சை இருந்தது. பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை வரை. சத்துணவைச் சாப்பிட்டுவிட்டு அவர்கள் மைதானத்தில் ஓடுகிற நேரம்.

நான் கேட்கவில்லை. விரல் அந்த வரிசையிலேயே நின்றதை அவர்களே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அதுலருந்து எடுத்துக்கிடுங்க சார்" என்றாள் அந்தப் பெண்.

எடுத்துக்கொண்டேன். டிசம்பரிலிருந்து மார்ச் வரை மதிய இடைவேளையில் ஏழு பேரும் என் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வகுத்தல் படித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மற்றவர்கள் ஓடிப் பிடித்து விளையாடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆரம்பத்தில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு பார்ப்பதில்லை. சுவரில் வெள்ளைக் கட்டங்களை எண்ணிச் சொன்ன அந்தப் பையன் ஒருநாள் பந்தோடு கதவருகே வந்து நின்று, உள்ளே பார்த்துவிட்டுப் போனான். ஏழு பேரும் மோசமில்லாமல் தேறினார்கள். அந்தப் பெண் எழுபதுக்கு மேல் வாங்கினாள். பின்தங்கியோர் பட்டியலைக் கிழித்துப் போட்டேன். தலைமையாசிரியை என்னைப் பாராட்டினார். மறுத்து ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டேன்.

வருடக் கடைசியில் அட்டைகளை மறுபடி ஒருமுறை வரையச் சொன்னேன். நவம்பருக்கும் மார்ச்சுக்கும் என்ன மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கிற பாடம். அந்தப் பெண்ணின் அட்டை என் மேஜைக்கு வந்தது. வெள்ளையே இல்லை. கோடு தாண்டாமல் அழுத்தித் தீட்டியிருந்தாள். எட்டு நீலம், ஒன்பது சிவப்பு, ஏழு மஞ்சள். பச்சைப் பென்சிலை அவள் தொட்டிருக்கவில்லை. கூட்டிப் பார்த்தேன், இருபத்து நான்கு வந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் அவள் காத்துக்கொண்டிருந்தாள். சரி என்று குறி போட்டு அவளிடம் கொடுத்தேன்.